தேடிச் சென்ற தொண்டு

உதவி நாடி வருவோர்க்கு உதவுதல் நல்லோர் இயல்பு. வாயிலில் வந்து நிற்பவரின் துயரம் கண்ணுக்குத் தெரிகின்றது; கண்டவர் நெஞ்சம் இரங்குகின்றது; கை தானே நீளுகின்றது. ஆனால், வாயில்வரை வர இயலாதோரும் எல்லா ஊர்களிலும் உள்ளனர். எழுந்து நடக்க மாட்டாத சிறுவன் உதவி கேட்டு எங்ஙனம் வருவான்? ஊரார் பார்வைக்கு அஞ்சிப் பெற்றோர் அறைக்குள்ளேயே வைத்து வளர்க்கும் சிறுமியின் துன்பத்தை எவர் அறிவார்? இத்தகையோரைத் தேடிச் சென்று உதவுவதற்குத் தனி ஒருவரின் இரக்கம் போதாது. ஊரார் பலர் ஒன்றுகூடி, வேலைகளைப் பகிர்ந்துகொண்டு, ஆண்டுக் கணக்கில் அயராது உழைத்தல் வேண்டும். அத்தகைய உழைப்புக்குக் கருவியாக விளங்குவன சேவைக் கழகங்கள்.

சேவைக் கழகம் என்பது, ஓர் ஊரில் பல்வேறு தொழில் புரிவோர் தம் விருப்பத்தால் கூடி அமைக்கும் சங்கம் ஆகும். அதன் உறுப்பினர் ஊதியம் பெறுவதில்லை. தாமே சந்தா செலுத்துகின்றனர். குறித்த நாளில் தவறாது கூடுகின்றனர். ஊரின் குறைகளை ஆராய்கின்றனர். அவற்றுள் தம்மால் இயன்றதைத் தீர்க்க முற்படுகின்றனர். ரோட்டரிக் கழகம், லயன்ஸ் சங்கம் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றுள் ரோட்டரிக் கழகம் அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில் தோன்றியது. அந்நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் வாழ்ந்து வந்தார். அவர் சிற்றூரில் வளர்ந்தவர். சிற்றூரில் ஒருவரை ஒருவர் அறிவர். இன்பதுன்பங்களில் பங்கு கொள்வர். பெருநகரிலோ அடுத்த வீட்டாரும் அயலாரே. இத்தனிமை ஹாரிசுக்கு வருத்தம் தந்தது. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் அவர் நண்பர் மூவருடன் கூடினார். அவர்களுள் ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், மற்றொருவர் தையற்கலைஞர். அன்று தொடங்கிய கூட்டம், உறுப்பினர் ஒவ்வொருவருடைய தொழிலிடத்திலும் முறைவைத்து மாறி மாறி நடந்தது. சுழன்று வருதலைக் குறிக்கும் ‘ரோட்டரி’ என்னும் பெயர் அக்கழகத்திற்கு அமைந்தது இதனால்தான்.

தொடக்கத்தில் நட்பும், ஒருவர் தொழிலுக்கு ஒருவர் துணை செய்தலுமே கழகத்தின் நோக்கங்களாக இருந்தன. விரைவில் அவ்வெல்லை குறுகியது என்பதை உறுப்பினர் உணர்ந்தனர். சிகாகோ நகர மண்டபத்தின் அருகே மக்களுக்குப் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று அவர்கள் முயன்று வெற்றி பெற்றனர். அதுவே அவர்கள் செய்த முதற் பொதுப்பணி. பேரும் புகழும் தரும் பணியன்று. எனினும் எல்லார்க்கும் வேண்டிய பணி. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது அக்காலத்தில் கழகத்தின் விதி. எனவே, ஒரு கழகத்தில் மருத்துவர், வழக்கறிஞர், அச்சகத்தார், வணிகர் எனப் பல திறத்தாரும் இருந்தனர். எந்த வேலைக்கும் உரியவர் ஒருவர் அவர்களுக்குள்ளேயே கிடைத்தார்.

இத்தகைய கழகம் ஒன்றனால் இளையோர் பெற்ற பயனை அறிவதற்கு, ஓஹையோ மாநிலத்தில் உள்ள எலிரியா என்னும் சிறிய நகரத்தின் வரலாறு துணை செய்யும். அவ்வூரில் எட்கர் ஆலன் என்னும் வணிகர் செல்வாக்குடன் வாழ்ந்து வந்தார். 1907-ஆம் ஆண்டில் அங்கே மின்சார டிராம் வண்டிகள் மோதிக்கொண்டன. அவ்விபத்தில் ஆலனின் மகன் ஹோமர் படுகாயமுற்று இறந்தான். காயமுற்றோரைக் காப்பதற்கு ஏற்ற மருத்துவமனை அன்று அவ்வூரில் இல்லை. நல்ல மருத்துவமனை இருந்திருப்பின் மகன் பிழைத்திருக்கக் கூடுமே என்ற எண்ணம் தந்தையின் உள்ளத்தை வாட்டியது.

துயரத்தில் மூழ்கிய ஆலன் அதிலேயே அழுந்திவிடவில்லை. தம் வணிகத்தை விற்றார். ஊராரிடம் நிதி திரட்டினார். மறு ஆண்டே, 1908-இல், எலிரியாவில் மருத்துவமனை திறக்கப்பட்டது. தம் பிள்ளைக்குக் கிடைக்காத உதவி, பிறர் பிள்ளைகளுக்குக் கிடைக்க வழி செய்தார் அவர்.

மருத்துவமனைப் பணியில் ஈடுபட்டபோது, ஆலன் அதுவரை அறியாத உண்மை ஒன்றைக் கண்டார். கைகால் ஊனமுற்ற சிறுவர் சிறுமியர் பலர் ஊரார் கண்ணில் படாமல் வீடுகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் பள்ளிக்குச் செல்லவில்லை. விளையாட்டும் தோழமையும் அறியவில்லை. ஊனத்தைக் குடும்பத்திற்கு நேர்ந்த இழிவு என்று பெற்றோர் பலர் கருதினர். சிலர் வறுமையால் மருத்துவரை நாடவில்லை. இவ்வாறு நோயினால் வந்த துன்பம் ஒரு பங்கு. நாணத்தினாலும் அறியாமையினாலும் வந்த துன்பம் மற்றொரு பங்கு.

மறைத்து வைத்தலால் விளையும் தீங்கு சிறிதன்று. குழந்தைப் பருவத்தில் எலும்பும் தசைநாரும் இளக்கமாக இருக்கும். அப்போது அவற்றை நேராக்குதல் எளிது. உள்நோக்கி வளைந்த பாதத்தோடு ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்று பிறக்கின்றது. அக்குழந்தையின் பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, மாவுக்கட்டு இட்டு, வாரம் ஒருமுறை அக்கட்டினை மாற்றி வந்தால், சில வாரங்களில் பாதம் பெரும்பாலும் நேராகிவிடும். மீண்டும் வளையாதிருக்கச் சில ஆண்டுகள் உறங்கும்போது தக்க காலணி அணிவித்தல் வேண்டும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பணி செய்த பொன்செட்டி என்னும் மருத்துவர் சென்ற நூற்றாண்டின் நடுவில் வகுத்த இம்முறை, இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. அதே குழந்தை பல ஆண்டுகள் கவனிப்பாரின்றி வளர்ந்தால், பாதம் வளைந்தபடியே இறுகிவிடும். பெரிய அறுவை மருத்துவமும் முழுப்பயன் தாராது. ஆகவே, காலத்தில் கண்டுபிடித்தலே பாதி மருத்துவம் ஆகும்.

1915-இல் எலிரியாவில் ஊனமுற்ற சிறுவர்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று ஏற்பட்டது. ஆயினும், கட்டடம் எழுந்ததும் பிள்ளைகள் தாமாக வந்து சேரவில்லை. அவர்களைத் தேடிச் செல்லும் ஆட்கள் தேவைப்பட்டனர். அந்நிலையில் ஆலனுக்குக் கைகொடுத்தவர் ரோட்டரிக் கழகத்தார். ஆலனும் அவர்களுள் ஒருவரானார். உறுப்பினர் ஊனமுற்ற பிள்ளைகள் எங்கெங்கு உள்ளனர் என்று கண்டறிந்தனர். குறித்த நாளில் மருத்துவ முகாம் நடத்த ஏற்பாடு செய்தனர். மோட்டார் வண்டி உடையோர் பிள்ளைகளையும் தாய்மாரையும் அதில் ஏற்றிச் சென்று மீண்டும் வீட்டில் சேர்த்தனர். பெற்றோரின் அச்சத்தைப் போக்குதல் இவை எல்லாவற்றினும் அரிய பணியாக இருந்தது. முன்பின் அறியாத அதிகாரி ஒருவர் வந்து சொல்வதினும், நாள்தோறும் கடைத்தெருவில் காணும் அயலார் வந்து சொல்லும் சொல்லுக்குப் பெற்றோர் செவி சாய்த்தல் இயல்பன்றோ? உள்ளூர்க் கழகத்தின் வலிமை இவ்விடத்தில்தான் உள்ளது.

1919-இல் ஆலன், ஊனமுற்ற சிறுவர் நலத்திற்கென ஒரு சங்கம் அமைத்தார். ஓர் ஊரில் தொடங்கிய பணி மாநிலப் பணியாகி, நாடளாவிய பணியாக விரிந்தது. பிள்ளைகள் அவரை அன்புடன் ‘அப்பா ஆலன்’ என்று அழைத்தனர். தம் ஒரு மகனை இழந்தவர் பல்லாயிரம் பிள்ளைகளுக்குத் தந்தையானார்.

பணி பெருகப் பெருகப் பொருளும் மிகுதியாகத் தேவைப்பட்டது. செல்வர் சிலரிடம் பெருந்தொகை கேட்பதற்கு மாறாக, மக்கள் அனைவரிடமும் சிறுதொகை பெறும் வழியொன்றைச் சங்கத்தார் கண்டனர். 1934-ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகைக் காலத்தில், அஞ்சல் தலை போன்ற சிறிய வண்ணத் தாள்களை அச்சிட்டு மக்களுக்கு அளித்தனர். அவற்றைப் பெற்றோர் தம்மால் இயன்ற நன்கொடை தந்து, அத்தாள்களைத் தாம் எழுதும் கடிதங்களின் உறைகளில் ஒட்டினர். உதவி செய்தோம் என்ற உணர்வும், மறைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தியும் அக்கடிதங்களுடன் வீடுதோறும் சென்றன. பின்னர் அச்சங்கம் அத்தாளின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. ‘முடவர்’ என்று பொருள்படும் சொல் அதன் பழைய பெயரில் இருந்தது. மனிதரை அவர்தம் குறையால் அழைத்தல் தகாது என்று காலப்போக்கில் மக்கள் உணர்ந்தமையால், அச்சொல் வழக்கு ஒழிந்தது.

தேடிச் சென்று செய்யும் தொண்டின் பயனை இந்திய நாடும் கண்டது. பிள்ளைகளின் கால்களை முடக்கிய கொடிய நோய்களுள் ஒன்று இளம்பிள்ளைவாதம். அதனை உலகினின்றும் ஒழிக்க 1985-இல் ரோட்டரி இயக்கம் உறுதி பூண்டது. 1988-இல் உலக நாடுகள் ஒன்றுகூடி அம்முயற்சியை மேற்கொண்டன. இந்திய அரசு 1995-இல் நாடு முழுவதும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்கத் தொடங்கியது. மருந்து நிலையத்திற்குப் பல குழந்தைகள் அழைத்து வரப்பட்டனர். ஆயினும் சிலர் விடுபட்டனர். எனவே, பணியாளரும் தொண்டரும் வீடு வீடாகச் சென்றனர். மருந்து பெற்ற குழந்தையின் சுண்டு விரலில் மையிட்டனர். குழந்தைகள் அனைவரும் மருந்து பெற்ற வீட்டின் சுவரில் ‘பி’ என்றும், ஒரு குழந்தையேனும் விடுபட்ட வீட்டின் சுவரில் ‘எக்ஸ்’ என்றும் சுண்ணக் கட்டியால் குறியிட்டனர். ‘எக்ஸ்’ குறியிட்ட வீடுகளுக்கு மீண்டும் மீண்டும் சென்றனர். விடுபட்ட ஒரு குழந்தையின் வழியாகவும் நோய் பரவக்கூடும் ஆதலின், எஞ்சிய சிலரைத் தேடுதலே பணியின் உயிர்நாடி ஆயிற்று. இந்தியாவில் இயற்கையான கிருமியால் அந்நோய் கண்ட கடைசிக் குழந்தை 2011-ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி அந்நோயினின்றும் விடுபட்டது என்று உலக நல நிறுவனம் சான்றளித்தது.

சேவைக் கழகங்களிடமும் குறை இருந்தது. ரோட்டரிக் கழகத்தில் நெடுங்காலம் ஆடவர் மட்டுமே உறுப்பினராக இருந்தனர். மறைந்து கிடந்த பிள்ளைகளைத் தேடிச் சென்றவர்கள், தொண்டு செய்ய முன்வந்த பெண்டிர்க்குத் தம் கதவைத் திறக்கவில்லை. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு மாறாகத் தீர்ப்பு வழங்கியது. 1989-இல் கழகம் தன் விதியை மாற்றிக்கொண்டது. பிறர் நலம் நாடும் சங்கமும் தன் குறையைக் காண மறுத்தல் கூடும் என்பதற்கும், திருந்திக்கொள்ளின் அதன் பணி மேலும் வளரும் என்பதற்கும் இஃது ஒரு சான்று.

இளையோர் உதவி பெறுவோராக மட்டும் இருத்தல் போதாது. உதவி செய்வோராகவும் வளர்தல் வேண்டும். இக்கருத்துடன் 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துப் பள்ளி ஒன்றில் முதல் ‘இண்டராக்ட்’ சங்கம் தொடங்கப்பட்டது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு உரியது அது. பின்னர், இந்தியா உட்படப் பல நாடுகளில் அத்தகைய சங்கங்கள் தோன்றின. அவற்றின் உறுப்பினர் ஆண்டுதோறும் தம் பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படும் பணி ஒன்றும், பிற நாட்டாருடன் நல்லுறவு வளர்க்கும் பணி ஒன்றும் செய்தல் வேண்டும் என்பது முறை.

சங்கம் இல்லாத பள்ளியிலும் இத்தொண்டுக்கு இடம் உண்டு. வகுப்பில் ஓர் இருக்கை பல நாள் வெறுமையாக இருக்கலாம். அதற்கு உரிய மாணவன் நோயுற்றிருக்கலாம். வறுமையால் வேலைக்குச் சென்றிருக்கலாம். எவரிடமும் சொல்ல இயலாத மனத்துயரத்தால் வீட்டிலேயே அடைந்து கிடக்கலாம். பெயர்ப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்ற குறி மட்டும் நாள்தோறும் ஏறும். அக்குறியைக் கண்டு அவன் வீட்டிற்குச் சென்று நலம் கேட்கும் தோழன், கேட்டறிந்ததை ஆசிரியரிடம் எடுத்துரைக்கும் தோழன், எலிரியா நகரத்தார் செய்த தொண்டின் முதற்படியைத் தானும் செய்தவன் ஆவான். மருத்துவமும் பொருளும் பின்னர் வரும். முதலில் ஒருவர் தேடிச் செல்லுதல் வேண்டும்.