திகதி மட்டும் மாறும்
(கணினியில் கைத்தொழில் – 7)

சென்ற வாரம் எழுத்துருக்களைப் பார்த்தோம். இந்த வாரம் லேயர். அதை எனக்குப் புரியவைத்தது புத்தகமல்ல, ஒரு திருவிழா நோட்டீஸ்.

புளத்கொகுபிட்டிய பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் செய்தது அது. பின்னணியில் சிவப்பும் மஞ்சளும், நடுவில் அம்மன், கீழே பூசை நேரங்கள், உபயகாரர் பெயர்கள், சிங்களத்தில் நான்கு வரி. அழகாகத்தான் வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தி ஜேபெக் படமாக மட்டும் சேமித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை கோயில் தலைவர் வந்தார்: "தம்பி, திகதி ஒரு கிழமை தள்ளிப்போச்சு. அந்த ஒரு வரிய மட்டும் மாத்திக் குடு, போதும்."

அந்த ஒரு வரியை என்னால் மாற்ற முடியவில்லை. பின்னணியும் எழுத்தும் ஒரே தாளாகிவிட்டிருந்தன. திகதியின் மேல் ஒரு சிவப்புக் கட்டத்தை வைத்து மறைத்து, அதன்மேல் புதுத் திகதியை எழுதினேன். அந்தச் சிவப்பு இந்தச் சிவப்போடு சேரவில்லை. லயத்துச் சுவர்களில் ஒட்டிய ஒவ்வொரு தாளிலும் அந்த ஒட்டு தெரிந்தது. திருவிழா முடியும்வரை அந்தச் சுவர்களை நிமிர்ந்து பார்க்காமல்தான் நடந்தேன்.

லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள்கள். ஒரு தாளில் அம்மன், ஒரு தாளில் திகதி. மேலிருந்து பார்த்தால் ஒரே படம்; ஒரு தாளை உருவினால் மற்றவை அப்படியே இருக்கும். இந்த யோசனை கணினிக்கு முந்தியது. 1914இல் ஏர்ல் ஹர்ட் என்ற அமெரிக்கர், கார்ட்டூன் படத்தில் அசையும் பாத்திரங்களைக் கண்ணாடிபோன்ற செலுலொயிட் தாள்களில் வரைந்து, அசையாத பின்னணியின்மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். காட்டையும் வீட்டையும் ஒவ்வொரு படத்துக்கும் திரும்ப வரையவேண்டிய வேலை அதோடு போயிற்று.

போட்டோஷொப் 1990இல் வெளிவந்தபோது அதில் லேயர் இல்லை. ஒரு படத்தை இன்னொன்றின்மேல் வைத்துக் கையை எடுத்தால் இரண்டும் ஒட்டிப்போகும். 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் லேயர் வந்தது. எழுதியதைத் திரும்பத் திறந்து திருத்தும் வசதிக்கு 1998இன் ஐந்தாம் பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை எழுத்தில் பிழை என்றால் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டவேண்டும். இன்று காசில்லாமல் கிடைக்கும் கிம்ப்பிலும், பிரவுசரிலேயே திறக்கும் போட்டோபியாவிலும், உங்கள் கைபேசியின் பிக்சல்லேபிலும் லேயர் உண்டு. ஆகவே கருவி இல்லை என்று இந்தப் பாடத்தை யாரும் தள்ளிவைக்க வேண்டாம்.

லேயர் இருந்தால் மட்டும் போதாது, ஒழுங்கு வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த ஒழுங்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்துக்குள் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, கணக்குக்குள் லயம், லயத்துக்குள் காம்பரா. கோப்பும் அப்படித்தான். கோப்புக்குள் குழு, குழுவுக்குள் லேயர். தனி முகவரி இல்லாத லயத்துக்கு வரும் கடிதம் தோட்டத்துக் கந்தோரில் கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்தபிறகு பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்த கதை நம்மில் பல வீடுகளில் உண்டு. "லேயர் 14 கொப்பி 3" என்பதும் முகவரி இல்லாத வீடுதான். அதன் பெயர்மேல் இரண்டு தடவை தட்டி "திகதி – தமிழ்" என்று மாற்ற ஐந்து விநாடி போதும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது எனக்கு அது சரியாகப் படவில்லை. எது எப்போது மாறும் என்று பார்த்துப் பிரிக்கவேண்டும். கோயில் பெயரும் அம்மன் படமும் பல வருடம் மாறா: அவை அடியில் ஒரு குழு, பூட்டுப் போட்டு. உபயகாரர் பெயர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாறும்: அது நடுவில். திகதியும் நேரமும் அச்சுக்குப் போகும் காலைவரை மாறும்: அது எல்லாவற்றுக்கும் மேலே, கண் பட்டதும் தெரியும் இடத்தில். குழுவாக்க, வேண்டிய லேயர்களைத் தெரிந்துகொண்டு போட்டோஷொப்பில் கன்ட்ரோலோடு ஜி எழுத்தை அழுத்துங்கள்.

மொழிக்கும் தனித்தனிக் குழு வையுங்கள். நம் பகுதியில் ஒரு தாளில் தமிழும் சிங்களமும், பலவேளை ஆங்கிலமும் வரும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இன்றும் பெயர்ப்பலகைகளில் தமிழ் கொம்பிழந்து, புள்ளியிழந்து நிற்பதைப் பார்த்து நெஞ்சு வேகாதவர் யார்? தமிழ் தெரிந்த ஒருவர் தமிழ்க் குழுவை மட்டும் திறந்து, மற்ற மொழிக் குழுக்கள் மறைய அவற்றின் பக்கத்திலுள்ள கண் அடையாளத்தை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் வாசித்தால் அந்தப் பிழைகளில் பெரும்பகுதி அச்சுக்கே போகாது.

பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் தமிழ் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்து லேயரைப் பிரதியெடுத்து, பிரதியைப் படமாக மாற்றி அச்சகத்துக்குக் கொடுங்கள். மூலத்தை அழிக்காமல், அதன் கண் அடையாளத்தை அணைத்து, "திருத்த" என்று பெயரிட்டு அடியில் வையுங்கள்.

லேயர் நோட்டீசுக்கு மட்டும் உரியதல்ல. 2016 மே மாத மழையை நம் மலைகளில் யாரும் மறக்கவில்லை. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. புளத்கொகுபிட்டியவில் களுபான தோட்டத்து லயத்தை மண் மூடியது. எந்தச் சரிவு ஆபத்தானது என்று காட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கிறது. அவையும் லேயர்கள்தான். பாறையின் அமைப்பு, சரிவின் கோணம், மேல்மண், நீர் ஓடும் வழி, நில உருவம், நிலப் பயன்பாடு என்று ஆறையும் தனித்தனியே வரைந்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். பாறையும் சரிவின் கோணமும் நம் ஆயுளில் பெரிதாக மாறா. இறப்பர் மரத்தை வெட்டிவிட்டுத் தேயிலை நட்டால், வீட்டுக்கு மண்ணை வெட்டிச் சமப்படுத்தினால், நிலப் பயன்பாடு மாறிவிடும். அந்த ஒரு லேயரைத் திருத்தி மறுபடி கூட்டலாம். எல்லாம் ஒரே படமாக இருந்திருந்தால் முழு மலையையும் மறுபடி வரையவேண்டும்.

இந்த வாரப் பயிற்சிக்கு உங்கள் பழைய நோட்டீஸ் ஒன்றை எடுங்கள். இந்த வருடம் நோட்டீஸ் செய்த பிள்ளை அடுத்த வருடம் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருக்கும். வேறொரு கைதான் அந்தக் கோப்பைத் திறக்கும். அதை நினைத்து லேயர்களைப் பிரித்து, பெயரிட்டு, லயத்தில் உங்களைவிட இளைய ஒருவரிடம் கொடுங்கள். "திகதியை மாற்று" என்பதற்குமேல் எதுவும் சொல்லாதீர்கள். அவர் எந்த இடத்தில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த லேயருக்கு வேறு பெயர் வையுங்கள்.

(தொடரும்)