நிகழ்பட ஆட்டங்களும் ஆர்வலர் இசையும்

ஆர்வலர் இசை எனப்படுவது, இசையைத் தொழிலாகக் கொள்ளாதோர் தம் விருப்பத்தின் பொருட்டுப் பாடியும் இசைக்கருவிகளை வாசித்தும் உருவாக்கும் இசை ஆகும். வீட்டுக் கொலு, கோயில் பசனை, கல்லூரி விழா, ஊர்த் திருவிழா மேடை ஆகியன தமிழகத்தில் இதன் மரபான இடங்கள். 1990களின் பிற்பகுதி முதல் நிகழ்பட ஆட்டங்களும், 2005 இல் தொடங்கப்பட்ட யூடியூப் முதலிய இணைய ஊடகங்களும் இவ்விசையைக் கற்கும் முறையை மாற்றியுள்ளன. இசையில் எது பிழை என்ற கருத்தும் அவற்றால் மாறியுள்ளது. அமெரிக்க இசை இனவியலாளர் கிரி மில்லர் 2012 இல் வெளியிட்ட "பிளேயிங் அலாங்" இத்துறையில் குறிப்பிடத்தக்க நூல் ஆகும்.

தாள ஆட்டங்கள்

ஆர்மோனிக்சு நிறுவனம் உருவாக்கிய கிட்டார் ஹீரோ (2005), ராக் பேண்ட் (2007) ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. கிட்டார் ஹீரோவின் கருவியில் நரம்புகள் இல்லை. ஐந்து பொத்தான்களும் ஒரு மீட்டு விசையும் உண்டு. திரையில் நகர்ந்து வரும் குறியை உரிய கணத்தில் அழுத்தினால் முன்பே பதிவான ஒலி கேட்கும். எனவே ஆடுபவர் சுரத்தை உருவாக்குவதில்லை. காலத்தை மட்டுமே காக்கிறார். ராக் பேண்டின் முரசுப் பகுதி இதற்கு ஓரளவு விலக்கு. கையும் காலும் அங்கே உண்மையான முரசு வாசிப்பவரைப் போலவே இயங்க வேண்டும்.

தமிழகத்தில் இக்கருவிகள் பெரிதும் பரவவில்லை. ஆனால் அவற்றின் வடிவம் பரவியது. 2006 இல் பியானோ ஹீரோ என்ற பெயரில் தொடங்கிய ஒரு மென்பொருள், கிட்டார் ஹீரோ உரிமையாளரின் எதிர்ப்புக்குப் பின் சிந்தீசியா எனப் பெயர் மாறியது. இதில் வண்ணக் கட்டங்கள் மேலிருந்து விழுந்து கீபோர்டின் கட்டைகளைத் தொடும். இம்முறையில் அமைந்த தமிழ்த் திரைப்பாடல் நிகழ்படங்கள் யூடியூபில் ஏராளம். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் கைப்பேசி இணையம் மலிவானது. திண்டுக்கல்லுக்கு வடக்கே உள்ள குஜிலியம்பாறை போன்ற ஊர்களுக்கு, ஆட்டப் பொறி வராமலேயே ஆட்டத்தின் வடிவம் இவ்வாறு வந்து சேர்ந்தது.

இம்முறையில் இசைக்குறியீடு அறியாதவரும் ஒரே மாலையில் ஒரு பல்லவியை வாசித்துவிடலாம். இது சிறிய நன்மை அன்று. ஆயினும் கற்பவர் பாடலைக் காதால் அன்றிக் கண்ணால் கற்கிறார். கட்டங்கள் நின்றால் வாசிப்பும் நின்றுவிடுவதுண்டு. சரளி வரிசையை ஆசிரியர் பாடக் கேட்டுத் திருப்பிப் பாடும் முறையில் இச்சிக்கல் எழுவதில்லை.

சுருதியும் கமகமும்

சிங்ஸ்டார் (2004) போன்ற பாட்டு ஆட்டங்கள் ஒலிவாங்கியில் வரும் குரலின் அடிப்படை அதிர்வெண்ணைக் கணித்து, பாடலின் சுரத்துடன் ஒப்பிட்டு மதிப்பெண் வழங்குகின்றன. சொற்களைப் பெரும்பாலும் அவை கவனிப்பதில்லை. முணுமுணுத்தாலும் மதிப்பெண் கிடைக்கும். கருநாடக இசையின் கமகமோ ஒரு சுரத்தில் நிற்காமல் அண்டைச் சுரங்களைத் தொட்டு அசைவது. நிலையான சுரத்தை அளவுகோலாகக் கொண்ட கணிப்பில் இவ்வசைவு பிழையாகத் தோன்றக்கூடும். தோடியை நன்கு பாடுபவரே குறைந்த மதிப்பெண் பெறலாம்.

இணையவழிச் சேர்ந்திசை

இணையத்தில் ஒலி சென்றுசேர எடுக்கும் காலம் சில பத்து மில்லி நொடிகளைத் தாண்டினாலே தாளம் பிசகும். ஆகவே 2008 இல் நிறுவப்பட்ட இசுமியூல் நிறுவனத்தின் பாட்டுச் செயலியில் இருவர் ஒரே நேரத்தில் பாடாமலேயே இணைப்பாடல் உருவாகிறது. ஒருவர் தம் பாதியைப் பதிந்து வைக்க, மற்றவர் பிறகு இணைகிறார். யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் தொராண்டோவில் இருப்பவரும் முன்பின் அறியாமலே இவ்வாறு ஒரு பாடலை முடிக்கலாம். ஆனால் முதலில் பாடியவர் இரண்டாமவருக்காகக் காலத்தை நீட்டவோ சங்கதியை மாற்றவோ இயலாது.

பதிவுகளின் நிலை

2018 இல் மியூசிக்கலி செயலியை இணைத்துக்கொண்ட டிக்டாக், சிற்றூர்ப் பாடகர்களுக்கும் பறையிசைக் கலைஞர்களுக்கும் மேடையாயிற்று. திண்டுக்கல் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவது. அக்கிளையே 2019 ஏப்ரல் 3 இல் டிக்டாக் தரவிறக்கத்தைத் தடைசெய்யுமாறு அரசுக்கு உத்தரவிட்டது. சிறாருக்கு நேரும் தீங்கும் ஆபாச உள்ளடக்கமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. ஏப்ரல் 24 இல் அதே கிளை தடையை நீக்கியது. 2020 சூன் 29 இல் நடுவண் அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடைசெய்தது. வேறிடத்தில் படி எடுத்து வைக்காதவர்களின் பாடல்கள் அத்துடன் இந்தியாவில் கேட்க இயலாதவை ஆயின. கைவிடப்பட்டவை திரைப்பாடல்களுக்கான வாயசைப்புகள் மட்டும் அல்ல. ஒலிநாடாவிலோ குறுந்தகட்டிலோ ஒருபோதும் வெளிவராத ஊர்ப் பாடல்களும் அவற்றில் அடங்கும். அதே ஆண்டில் இந்தியாவில் அறிமுகமான ரீல்சு, சார்ட்சு ஆகியவற்றுக்குப் பலர் மாறினர். பழைய பதிவுகள் தாமாக அங்கு மாறவில்லை.