இருமலை மறைக்காதே, தோழா!

பசியை மறைக்கலாம். கடன்பட்ட நெஞ்சின் கலக்கத்தைக்கூடப் புன்னகையால் மூடி மறைக்கலாம். இருமலை மறைக்க முடியுமா? முடியாதென்று தெரிந்தும் மறைக்கப் பார்க்கிறான் பாட்டாளி! மூட்டை சுமப்பவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுகிறான். ஆலைத் தொழிலாளி பஞ்சுத் தூசி என்கிறான். சாரத்தின் மீது நிற்பவன் சிமெண்டுத் தூள் என்கிறான். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை. மாலையானால் மேனி காய்கிறது. இரவிலே வியர்த்துக் கொட்டுகிறது. நேற்றுப் பொருந்திய சட்டை இன்று தொளதொளக்கிறது. இருந்தும் மருத்துவமனை வாயிலை மிதிக்க மறுக்கிறான்.

ஏன்? அறியாமையா? பாதிதான் அது. மீதிப் பாதி அச்சம்! நோய் என்ற சொல் வெளியே வந்தால் வேலை போகும். வேலை போனால் கூலி போகும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் வந்த வழியே திரும்புவார்கள். இந்த அச்சத்தை ஊட்டியவர் யார்? நாம்தான், தோழர்களே, நாம்தான்! தனித் தட்டு வைத்தோம், திண்ணையிலே பாய் போட்டோம், ஒதுங்கி நடந்தோம். தட்டிலே தொற்றுகிற நோயா இது? இருமும்போது காற்றிலே கலந்து, மற்றவர் மூச்சிலே நுழைகிற நோயல்லவா!

க்ஷயம் என்றார்கள், எலும்புருக்கி என்றார்கள், முன்வினைப் பயன் என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பட்டியலும் தந்தார்கள். 1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரிலே இராபர்ட் கோக் எழுந்து நின்று, வினை அல்ல, கிருமி என்று மெய்ப்பித்துக் காட்டினார். எதிரி யார் என்று தெரிந்தது. அடிக்க ஆயுதம் கிடைக்கவோ அறுபது ஆண்டுகள் ஆயின. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியசிட் மாத்திரையின் வலிமை தெரிய வந்தது.

மருந்து வந்தது, சரி. படுக்கைக்கு எங்கே போவது? நல்ல காற்று, நல்ல ஓய்வு, நல்ல உணவு, இவற்றோடு நோயாளியை மாதக்கணக்கில் மருத்துவ விடுதியிலே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்நாளைய மருத்துவ உலகின் முடிவு. டாக்டர் சவுரி முத்து 1928இல் தாம்பரத்திலே தொடங்கிய சானடோரியமும் அதற்காகப் பிறந்ததுதான். ஆனால் நோயாளிகளோ ஆயிரமாயிரம். படுக்கைகளோ எண்ணி எடுக்கக்கூடியவை!

அப்போதுதான் நமது சென்னை, உலகுக்கு ஒரு பாடம் நடத்திற்று. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டன் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து இங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைத்தன. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கியது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் விடுதிக்கு. மறு பகுதியினர் தங்கள் சொந்தக் குடிலுக்கு! இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம்.

குடிலிலே இருந்தவர்களுக்குப் பாலும் பழமுமா கிடைத்தன? இல்லை. ஒரே அறையிலே குடும்பம் முழுவதும் நெருக்கியடித்துக் கிடந்தது. எனினும் முடிவு என்ன? வீட்டிலே மருந்துண்டவர்களும் விடுதிக்காரர்களைப் போலவே தேறினார்கள்! உடனிருந்த மனைவி மக்களுக்கு அதனால் ஆபத்து கூடிற்றா? ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள், கூடவில்லை! ஓராண்டு மருந்தின் முடிவு 1959இல் வெளிவந்தது. உலக மருத்துவம் தன் வழியை மாற்றிக்கொண்டது. நோயாளியைத் திண்ணைக்குத் துரத்துவதற்கு நியாயமில்லை என்று கூறியது வெறும் இரக்கம் அல்ல, தோழர்களே, ஆராய்ச்சி!

அப்படியானால் உணவு வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும்! மருந்து நோயாளியைக் காக்கும். உணவு அவன் குடும்பத்தையும் காக்கும். ஜார்க்கண்டிலே நோயாளிகளின் குடும்பங்களுக்குச் சத்துணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்தது! வயிறு காய்ந்த வீட்டிலே கிருமிக்கு வேலை எளிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். சளிச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் கேடு வருவது எங்கே தெரியுமா? இரண்டாவது மாதத்திலே! இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, உடம்பு தேறுகிறது. "நோய் போய்விட்டது, மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுகிறான் தோழன். போகவில்லை, பதுங்கியிருக்கிறது! அரைகுறையாக அடிபட்ட கிருமி, அந்த மருந்துக்கே அடங்காத கிருமியாகத் திரும்பி வரக்கூடும். பிறகு வேறு மருந்து, மேலும் தொல்லை.

ஆறு மாதம் மருந்துண்ணலாம். ஆறு மாதம் அடுப்பு எரிய வேண்டாமா? ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளி, விதிகளின்படி தகுதி பெற்றிருந்தால், காசநோய்க்கு நீண்டகால நோய் உதவியாகக் கூலியில் 80 சதவீதம் பெறலாம். கேட்டுப் பெறுங்கள்! ஆனால் கட்டட வேலை செய்பவனுக்கும், கைவண்டி இழுப்பவனுக்கும் யார் கொடுப்பார்? நோயாளியின் உணவுக்கென மைய அரசு 2018இல் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக உயர்த்தியது. உணவுக்கு அது உதவும். இழந்த கூலிக்கு அது ஈடாகுமா? ஆகாது! அன்றாடக் கூலிக்காரனுக்கும் நோய்க்கால ஊதியம் வேண்டும் என்ற குரல், ஒவ்வொரு தொழிற்சங்க மேடையிலிருந்தும் எழ வேண்டும்.

குரல் எழும்வரை கைகட்டி இருக்கலாமா? ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு படிப்பகத்திலும் இரண்டு தோழர்கள் முன்வரட்டும். இரண்டு வாரம் தொடர்ந்து இருமுகிறவர் யார் என்று பாருங்கள். "போ" என்று சொல்லாதீர்கள். "வா, போவோம்" என்று சொல்லி மருத்துவமனைக்கு உடன் நடந்து செல்லுங்கள். அவர் வீட்டுச் சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அவர் வீட்டிலே உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், தெரு பார்க்கட்டும்! ஆறாவது மாதத்துக் கடைசி மாத்திரை வரை கணக்கு வையுங்கள். தேறி எழுந்தவருக்குப் பழைய வேலையைக் கொடுக்க மறுக்கும் முதலாளியிடம், சங்கம் சேர்ந்து சென்று நியாயம் கேளுங்கள்.

கிருமியைக் கொல்ல மருந்து இருக்கிறது. அச்சத்தைக் கொல்ல மருந்துக்கடையிலே மாத்திரை இல்லை. அதை நாம்தான் கொல்ல வேண்டும்!