நடித்துப் படம் பிடித்து ஆடும் கதை விளையாட்டு

எமது மொன்றியல் மாநகரில் 1967ஆம் ஆண்டு நடைபெற்ற எக்ஸ்போ 67 உலகக் கண்காட்சியில், செக்கோசிலோவாக்கிய மண்டபத்திலே ஒரு புதுமையான திரைப்படம் காட்டப்பெற்றது. ராடுஸ் சின்செரா என்பவரின் எண்ணத்தில் உருவான அதன் பெயர் 'கினோஓட்டோமாற்'. பார்வையாளர் ஒவ்வொருவரின் இருக்கையிலும் ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும் இருந்தன. கதையின் இக்கட்டான ஒன்பது இடங்களில் படம் நிற்கும். நெறியாளர் மேடைக்கு வந்து, கதாநாயகர் நோவாக் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று வினவுவார். பெரும்பான்மையோர் விரும்பிய காட்சி தொடரும். இதுவே பார்வையாளர் வழிநடத்திய முதலாவது திரைப்படம் என்பர்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு கேள்வியிலும் கதை இரண்டாகப் பிரிந்து, பிரிந்தபடியே சென்றால், ஒன்பதாவது கேள்வியின் பின் 512 முடிவுகள் வேண்டும். படமாக்க வேண்டிய துண்டுகளோ ஆயிரத்தைத் தாண்டிவிடும். எந்தச் செல்வந்தராலும் ஆகாத காரியம்! செக் கலைஞர்கள் பிரிந்த வழிகளை மீண்டும் ஒன்றுசேர்த்தனர். கேள்விக்கு இரண்டாக 18 துண்டுகள் இருந்தாலே இவ்வகைக் கதை நடந்துவிடும். ஒரே வேளையில் ஓடும் இரண்டு படமெறி கருவிகளில் ஒன்றின் வில்லையை மூடி, மற்றதைத் திறந்துவிட்டனர், அவ்வளவே. யார் எதை அழுத்தினாலும் இறுதியில் நோவாக்கின் வீடு எரியும். அது குறையன்று, வாக்களிப்பின் மீதான எள்ளலே என்பது என் கருத்து. 1970களில் அந்நாட்டு அரசு படத்தைத் தடைசெய்ததும் வியப்பன்று.

இன்று கைத்தொலைபேசியே கமெராவாகிவிட்டது. துண்டுகளைக் கோத்து இணைப்பதற்கு 'ட்வைன்' போன்ற இலவச மென்பொருள்களும் உள்ளன. ஆனால் ஒன்று: ஓரிடத்தில் நிகழும் எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில், ஒரே உடையில், ஒரே வெளிச்சத்தில் எடுத்துவிட வேண்டும். மறுவாரம் வரும்போது நடிகர் தலைமயிரை வெட்டியிருப்பார்.

கிளைகளே இல்லாத வேறொரு முறையும் உண்டு. 2015இல் சாம் பார்லோ வெளியிட்ட 'ஹேர் ஸ்டோரி' என்னும் விளையாட்டில் ஒரு பெண் பொலிசாரின் கேள்விகளுக்கு விடையளிக்கிறாள். நடித்தவர் விவா சைஃபேட் ஒருவரே. ஏழு விசாரணைகள் 271 துண்டுகளாக வெட்டப்பட்டுள்ளன. விளையாடுபவர் ஒரு சொல்லைத் தட்டினால், அச்சொல் பேசப்பட்ட முதல் ஐந்து துண்டுகள் மட்டுமே தோன்றும். பொதுவான சொற்களால் அதிகம் பயனில்லை. கேட்டவற்றிலிருந்து அரிய சொல்லைப் பிடித்து அடுத்ததைத் தேடவேண்டும். கதையின் ஒழுங்கு விளையாடுபவரின் மனத்திலேயே அமைகிறது.

எமது மாணவர்களுக்கு இம்முறையே ஏற்றதென எண்ணுகிறேன். ஓர் அம்மம்மாவைச் சமையலறைக் கதிரையில் இருத்தி, ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளைச் சொல்லவைத்து, நாற்பது சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் அவர் பேசிய சொற்களைத் தமிழில் எழுதி வைத்தால் விளையாட்டு ஆயத்தம். வீட்டைப் பூட்டியபின் என்ன நடந்தது என்று அறியப் பேரன் 'சாவி' என்று தட்டுவான், ஒன்றும் வராது. அம்மம்மா சொன்னது 'திறப்பு'.