தாசனும் விஜயனும் இன்று வேலை தேடினால்

ஒரே அலுவலகத்தில் இரண்டு பியூன்கள். தாசன் பி.காம். முதல் வகுப்பு, விஜயன் பிரீ-டிகிரியில் கோட்டை விட்டவன். படித்தவன் என்ற மிடுக்கு ஒருவனுக்கு, அதைக் குத்திக்காட்டாமல் தூக்கம் வராது மற்றவனுக்கு. நல்ல வேலை கிடைக்கும் என்று காத்திருந்த இருவரும் இருந்த வேலையையும் இழந்து, மாடு வளர்த்து நொடித்து, கடைசியில் துபாய் போகத் தோணி ஏறுகிறார்கள். இரவில் கரையில் இறக்கிவிடப்பட்டு, அரபு உடை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தால், எதிரே தமிழ்ப் பெயர்ப்பலகை. வந்து சேர்ந்த இடம் சென்னை!

ஸ்ரீனிவாசன் திரைக்கதை எழுதி, சத்யன் அந்திக்காடு இயக்கிய ‘நாடோடிக்காற்று’ (1987) இது. மறு ஆண்டே தமிழில் ‘கதாநாயகன்’ ஆனது. இப்படிப்பட்ட படங்களை வானொலியில் கேட்டு ரசித்தவர்களும் உண்டு; நம் வானொலியின் ஒலிச்சித்திரம் போலவே மலையாள வானொலியில் ‘சப்தரேகா’ உண்டு. படத்தின் ஒலியை மட்டும் கேட்டே வயிறு வலிக்கச் சிரித்த குடும்பங்கள் இரண்டு மொழியிலும் ஏராளம். வேலை தேடுபவனின் தவிப்பு முகத்தைவிடக் குரலில் சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். வானொலி நகைச்சுவையின் பலமே அதுதான்.

அந்தக் கலை செழித்த ஊர்களில் திருவனந்தபுரமும் ஒன்று. 1943-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் தொடங்கிய வானொலி நிலையம், 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. இன்று அது இயங்கும் வழுதக்காடு ‘பக்தி விலாஸ்’ ஒரு காலத்தில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் குடியிருந்த வீடு. டி.என். கோபிநாதன் நாயர், ஜகதி என்.கே. ஆச்சாரி போன்ற நாடகக்காரர்கள் இந்த நிலையத்தில் பணியாற்றினார்கள். எழுத்தாளர் பத்மராஜன் இங்கே அறிவிப்பாளராக இருந்தார். நாடு முழுக்க வானொலி ஒலிபரப்பில் பெரும்பங்கைச் சுமக்கும் ‘கேஷுவல்’ அறிவிப்பாளர்களுக்கோ நிரந்தர வேலை இல்லை. மாதத்தில் சில நாள் பணி, அந்த நாளுக்கு மட்டும் பணம். பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள்.

இன்றைய தாசனும் விஜயனும் பியூன்களாக இருக்கமாட்டார்கள்; சம்பளமில்லாத இன்டர்ன்களாக இருப்பார்கள். ஒரே ஒரு நிரந்தர இடத்துக்காக இருவரும் முட்டிக்கொள்வார்கள். தொழில்பழகுநருக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் உதவித்தொகையை உறுதி செய்கிறது. ‘இன்டர்ன்’ என்று பெயர் மாற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பு கைநழுவிப் போகிறது. இது அநியாயம்.

சில கதவுகள் திறந்திருக்கின்றன. கேரளத்தில் வருமானம் குறைந்த இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வரை உதவித்தொகை தர விதி வந்தது. 2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில், நகரங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. அதே மாதம் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்திலும் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது பற்றாது. ஆனாலும் உழைப்புக்குக் காசு உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை இன்டர்ன்ஷிப் கடிதத்தோடு வந்து நின்றால், வாழ்த்துவதற்கு முன் மாதம் எவ்வளவு தருவார்கள், எத்தனை மாதம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள்.