ஒரு பச்சைக்கல் பதக்கத்தை வாங்காமல் விட்ட கதை

நியூசிலாந்து என்றதும் நம்மில் பலருக்கு கிரிக்கெட் ஞாபகம் வரும். எனக்கு ஒரு மணிதான் ஞாபகம் வரும். உடைந்துபோய் மேல்பகுதி மட்டும் மிஞ்சிய, ஒரு சாண் உயரம்கூட இல்லாத வெண்கல மணி. அதைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்து. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, வடக்கே ஃபங்காரேய் பகுதியில் ஒரு மாவோரி ஊருக்குப் போனபோது, அங்கே பெண்கள் அதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். 'முகைதீன் பக்ஸ் கப்பலின் மணி' என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. எப்படி அங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்த மணியைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் மாவோரிகளின் பழம்பொருட்கள் பக்கம் வந்து சேர்ந்தேன். ஒன்றைத் தேடப் போய் இன்னொன்றில் விழுவது எனக்கு வழக்கம்தானே. அப்படியே ஒரு நாள் ராத்திரி, ஒரு இணைய ஏலத் தளத்தில் 'பழைய மாவோரி ஹெய் திக்கி' என்று ஒரு படம் கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் இருந்து விற்கிறார்கள். ஆரம்ப விலை 150 பவுண்டு. ஏலம் முடிய இன்னும் 2 நாள் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், கை பரபரத்தது. அந்த 2 நாளில் படித்ததும் அதன் பிறகு படித்ததும் சேர்ந்துதான் இந்தப் பதிவு.

ஹெய் திக்கி என்றால் என்ன?

கழுத்தில் தொங்கவிடும் மனித உருவப் பதக்கம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், கண்கள் பெரிதாக இருக்கும், கைகள் தொடையிலோ மார்பிலோ. பெரும்பாலும் பவுனமு என்ற பச்சைக்கல்லில் செய்தது. (பவுன் இல்லை, பவுனமு. ஆனால் மாவோரிகளுக்கு அது பவுனை விட உயர்ந்தது.) இந்தக் கல் கிடைப்பது தென் தீவில் மட்டும், முக்கியமாக அதன் மேற்குக் கரை ஆறுகளில்.

சாதாரணக் கத்தியால் கீறினால் கோடு விழாத அளவுக்குக் கடினமான கல் இது. ஐரோப்பியர் வரும்வரை மாவோரிகளிடம் இரும்பு கிடையாது. மணற்கல் பலகையால், தண்ணீரும் மணலும் விட்டு விட்டு, தேய்த்துத் தேய்த்தே அறுத்தார்கள். கல்முனை வைத்த குச்சியைக் கயிற்றால் சுழற்றித் துளை போட்டார்கள். ஒரு பதக்கத்துக்கு மாதக்கணக்கில் உழைப்பு. இரும்பு வந்த பிறகு, தேவையில்லாமல் போன கல் வாச்சிகளையே ஹெய் திக்கியாக மாற்றியதும் உண்டு.

இதை யாரும் ஒரு தலைமுறையோடு முடிப்பதில்லை. பாட்டியிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து பேரனுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். கயிறு உரசி உரசி மேலே இருக்கும் துளையே தேய்ந்து அறுந்துபோய், புதிதாக இன்னொரு துளை போட்டிருக்கும் ஹெய் திக்கிகளை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். கல்லே தேயும் அளவுக்கு எத்தனை கழுத்துகள் மாறியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட பொருளை மாவோரிகள் 'தாவோங்கா' என்பார்கள். 'பொக்கிஷம்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அது பாதி அர்த்தம்தான். இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்ற வம்சக் கதையும் சேர்ந்தால்தான் அது தாவோங்கா. முக்கியமான பல பொருட்களுக்கு மனிதர்களைப் போலவே சொந்தப் பெயரும் உண்டு.

முதலில் வந்த சந்தேகம்: போலியா?

நல்ல சந்தேகம்தான். ஹெய் திக்கியில் போலிக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், நியூசிலாந்துக் கல்லை ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் என்ற ஊருக்கு அனுப்பி, அங்கே பட்டறைகளில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செதுக்கி வாங்கினார்கள். இங்கிலாந்தில் ஜேம்ஸ் எட்வர்ட் லிட்டில் என்ற பழம்பொருள் வியாபாரி போலி மாவோரிப் பொருட்கள் செய்து சேகரிப்பாளர்களிடம் விற்றார். அருங்காட்சியகங்களில் திருடி ஜெயிலுக்கும் போனார். பிறகு பிளாஸ்டிக் திக்கியும் வந்தது, விமானத்தில் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற அளவுக்கு.

ஆக, 150 பவுண்டுக்குக் கிடைக்கிற 'பழைய' ஹெய் திக்கி போலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். 'தாத்தாவின் பெட்டியில் இருந்தது, வேறு விவரம் தெரியாது' என்று ஒரு வரி பதில்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. போலியாக இருந்தால் என் காசு போச்சு, அவ்வளவுதான். நிஜமாக இருந்தால்? அது இன்னும் பெரிய சிக்கல். அந்தத் தாத்தாவிடம் அது எப்படி வந்தது?

எப்படிச் சேர்த்தார்கள்?

எல்லாமே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. 1769-ல் கேப்டன் குக் வந்ததிலிருந்தே பண்டமாற்று நடந்திருக்கிறது. ஆணிக்கும் துணிக்கும் மாவோரிகள் விருப்பப்பட்டுத்தான் பொருட்களைக் கொடுத்தார்கள். பேரத்தில் கெட்டிக்காரர்களும்கூட. அன்பளிப்பாகக் கொடுத்தவையும் நிறைய.

ஆனால் இதே குக் பயணத்தில்தான் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் நடந்தது. 1770 ஜனவரியில், கூடவே வந்த ஜோசப் பேங்க்ஸ் பதப்படுத்திய ஒரு மனிதத் தலையை வாங்கினார். விலை, அவருடைய பழைய லினன் உள்ளாடை ஒன்று. அதை வைத்திருந்த முதியவருக்குக் கொடுக்க மனமில்லை. பேங்க்ஸ் துப்பாக்கியைக் காட்டிய பிறகுதான் கை மாறியது.

பச்சை குத்திய முகத்தோடு பதப்படுத்திய தலைகளுக்கு 'தோய் மோகோ' என்று பெயர். அன்பானவர்களின் தலையை மரியாதையோடு வைத்திருந்து துக்கம் கொண்டாடுவார்கள். எதிரியின் தலையை வெற்றிச் சின்னமாக வைத்திருப்பதும் உண்டு. இரண்டுமே அவர்களுக்குள் அர்த்தம் உள்ள செயல்கள். ஐரோப்பிய சேகரிப்பாளர்கள் அதற்கு விலை வைத்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அப்போது குலங்களுக்கு இடையே துப்பாக்கிப் போர்கள் நடந்துகொண்டிருந்தன. துப்பாக்கி இல்லாத குலம் அழியும் என்ற நிலை. துப்பாக்கி வாங்கத் தலை வேண்டும். அதனால் போரில் பிடித்த அடிமைகளுக்குப் பச்சை குத்தி, கொன்று, தலையை விற்றார்கள். 1831-ல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ரால்ஃப் டார்லிங் இந்த வியாபாரத்துக்குத் தடை போட வேண்டி வந்தது.

இதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பழசைத்தானே வாங்குகிறோம், நம்மால் யாருக்கு என்ன கேடு என்றுதான் சேகரிப்பவர் நினைக்கிறார். ஆனால் வாங்க ஆள் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

ஹொரேஷியோ ரோப்லி என்ற ராணுவ அதிகாரி பின்னாளில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட தலைகளைச் சேர்த்தார். 1908-ல் நியூசிலாந்து அரசுக்கு 1,000 பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னார். அரசு வேண்டாம் என்றது. அவற்றில் பெரும்பகுதியை நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வாங்கியது. அவை ஊர் திரும்பியது 2014-ல். பிரான்சில் ரூவான் நகர அருங்காட்சியகம் ஒரே ஒரு தலையைத் திருப்பித் தருகிறோம் என்றபோது, அது அரசு சேகரிப்பு, தரக்கூடாது என்று தடை வந்தது. 2010-ல் அதற்காகவே தனிச் சட்டம் போட்டார்கள். இப்படி உலகம் முழுக்கப் போன முன்னோர்களைத் திரும்ப அழைத்து வர, 2003 முதல் வெலிங்டனில் உள்ள தே பாப்பா தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு தனித் திட்டமே இயங்குகிறது.

சதுப்பிலிருந்து ஜெனீவாவுக்கு

'அது அந்தக் காலம், இப்போ சட்டம் இருக்கே' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்குப் பதில் மோட்டுனுய் பலகைகள்.

தாரனாகி பகுதியில், தே ஆத்தியாவா குலத்தாரின் உணவுக் கிடங்கு ஒன்றில் 5 செதுக்குப் பலகைகள் இருந்தன. மேலே சொன்ன துப்பாக்கிப் போர்க் காலத்தில், எதிரி கையில் சிக்கக்கூடாது என்று அவற்றைச் சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்தார்கள். சேற்றுக்குள் காற்றுப் படாததால் மரம் கெடாது. சுமார் 150 வருஷம் கழித்து, 1970களின் ஆரம்பத்தில் அவை வெளியே வந்தன. ஒரு வியாபாரி வாங்கினார். அனுமதி எதுவும் இல்லாமல் நாட்டை விட்டே போயின. 1973-ல் ஜெனீவாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஓர்டிஸ் என்ற பெரும் சேகரிப்பாளர் 65,000 டாலருக்கு வாங்கினார்.

1977-ல் ஓர்டிஸின் சின்ன மகளைக் கடத்திவிட்டார்கள். பெரும் தொகை கொடுத்து மீட்டார். அந்தக் கடனை அடைக்க 1978-ல் தன் சேகரிப்பை லண்டனில் ஏலத்துக்கு விட்டபோதுதான், பலகைகள் ஏலப் பட்டியலில் இருப்பது நியூசிலாந்துக்குத் தெரிய வந்தது. அரசு லண்டனில் வழக்குப் போட்டது. கடைசியில் 1983-ல் பிரபுக்கள் சபை அளவில் தோற்றது. 'அனுமதியில்லாமல் வெளியே போனால் பொருள் அரசுக்குச் சொந்தம்' என்று நியூசிலாந்துச் சட்டத்தில் இருந்தது உண்மை. ஆனால் நாட்டுக்குள் இருக்கும்போதே பறிமுதல் செய்திருந்தால்தான் அது செல்லும் என்பது தீர்ப்பு. பறிமுதல் செய்ய விட்டுவிட்டுத்தானா ஒருவர் கடத்துவார்?

ஓர்டிஸ் 2013-ல் இறந்தார். அடுத்த வருஷம் நியூசிலாந்து 45 லட்சம் நியூசிலாந்து டாலர் கொடுத்துத் தன் பொருளைத் தானே விலைக்கு வாங்கியது. 2015-ல் பலகைகள் தாரனாகியில் உள்ள பூகெ ஆரிகி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

1975-ஆம் ஆண்டின் சட்டம், 2006-ல் திருத்தி, பாதுகாக்கப்பட்ட பொருட்கள் சட்டம் என்ற பெயரில் இருக்கிறது. சுருக்கமாக:

– 50 வருஷத்துக்கு மேற்பட்ட மாவோரிப் பொருளை அனுமதியில்லாமல் நாட்டை விட்டு எடுத்துப் போகக்கூடாது.
– தோண்டும்போதோ கடற்கரையிலோ ஒன்று கிடைத்தால் 28 நாளுக்குள் அமைச்சகத்துக்கோ அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ சொல்ல வேண்டும். முதலில் அது அரசுடையதாகக் கருதப்படும். உண்மையான உரிமை யாருக்கு என்பதை மாவோரி நில நீதிமன்றம் முடிவு செய்யும்.
– தனியார் சேகரிக்கலாம், ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

என் 150 பவுண்டு பதக்கத்துக்கு இதெல்லாம் பொருந்தாது. என்றைக்கோ இங்கிலாந்துக்குப் போய்விட்ட பொருள். சட்டப்படி நான் தாராளமாக வாங்கலாம். அதனால்தான் முடிவு என் தலையில் விழுந்தது.

பார்வை மாறிய வருஷம்

1984 செப்டம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 'தே மாவோரி' என்ற கண்காட்சி தொடங்கியது. 174 பொருட்கள், எல்லாமே நியூசிலாந்து அருங்காட்சியகங்களில் இருந்து போனவை. அதுவரை அவை கண்ணாடிப் பெட்டிக்குள் எண் ஒட்டிய மாதிரிப் பொருட்கள். இந்த முறை குலங்களிடம் சம்மதம் கேட்டார்கள். முதியவர்கள் கூடவே போய், விடியற்காலையில் சடங்கு செய்து, முன்னோர்களிடம் பேசுவது போலப் பேசி, திறந்து வைத்தார்கள். பொருளோடு சொந்தக்காரரும் வரவேண்டும் என்பதை உலகம் அங்கேதான் பார்த்தது.

அதன் பிறகு மாவோரிப் பொருள் வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கும் நல்ல வழி இருக்கிறது. உயிரோடு இருக்கிற மாவோரிச் சிற்பியிடம் புதிதாக வாங்கலாம். 1997-ல் ஒரு சட்டத்தின் மூலம் பவுனமு முழுக்க நாய் தாஹு குலத்துக்குச் சொந்தமாகிவிட்டது. அவர்கள் சான்றளிக்கும் கல்லோடு ஒரு குறியீட்டு எண் வரும், எந்த ஆற்றுக் கல், யார் செதுக்கியது என்று பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு அழகான வழக்கமும் உண்டு. பவுனமுவைத் தனக்கென்று வாங்கக்கூடாது, இன்னொருவர் கொடுத்துத்தான் அணிய வேண்டும் என்பார்கள்.

நான் என்ன செய்தேன்?

ஏலம் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது தளத்தை மூடிவிட்டேன். வாங்கி அருங்காட்சியகத்துக்கே அனுப்பி வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். போலியை அனுப்பி யாருக்கு லாபம்? என்ன விலைக்குப் போனது என்று பார்க்கவும் இல்லை. (பொய். மறுநாள் பார்த்தேன். 410 பவுண்டு.)

இப்போது அந்த மணிக்குத் திரும்ப வருகிறேன். பெரிய காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று அந்த மாவோரிகள் கொலென்சோவிடம் சொன்னார்களாம். அவர் ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார். அவர் உயிலின்படி அது அருங்காட்சியகத்துக்குப் போய், இன்று தே பாப்பாவில் இருக்கிறது. முகைதீன் பக்ஸ் யார், எந்த ஊர், கப்பல் எங்கே மூழ்கியது, ஒன்றும் தெரியாது. ஆனால் பெயரையாவது வெண்கலத்தில் வார்த்து வைத்ததால் அது யாருடையது என்று கேட்கவாவது முடிகிறது.

ஹெய் திக்கியில் எழுத்து கிடையாது. அதன் பெயரும் வம்சமும் அதை அணிந்த குடும்பத்தின் வாயில்தான் இருக்கும். அந்தக் குடும்பத்திடமிருந்து பிரித்து எடுத்தால் மிஞ்சுவது ஒரு பச்சைக்கல். 'தாத்தாவின் பெட்டியில் இருந்தது, வேறு விவரம் தெரியாது.'

உங்கள் வீட்டுப் பரணிலும் எங்கிருந்தோ வந்த ஏதாவது ஒரு பழைய பொருள் இருக்கும். விலை விசாரிப்பதற்கு முன்னால், அது யார் கொடுத்தது, யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.