வீட்டிற்குள் ஒரு செஞ்சி

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாடிவீட்டின் மூலைமுடுக்கெல்லாம் இணையம் எட்டவேண்டுமென மெஷ் வைஃபை பெட்டிகளை மாட்டுவோருக்கு ஒரு விஷயத்தைப் பிரஸ்தாபிக்க விரும்புகிறோம். எட்டினால் மட்டும் போதுமா? 2016-ம் வருஷத்தில் மிராய் என்னும் நச்சு நிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களைக் கைப்பற்றி, அவற்றைக்கொண்டே அக்டோபரில் ட்விட்டர் முதலிய தளங்களை முடக்கிற்று. காமிராவின் சொந்தக்காரர்கள் ஒன்றுமறியார்.

அண்டையிலுள்ள செஞ்சியை நோக்குக. மூன்று குன்றுகளையும் மதில் வளைத்திருந்தும், ராஜகிரியின் உச்சிக்கோட்டையை ஒரு பிளவும் இழுபாலமும் தனித்தே காத்தன. வீட்டிலும், வாயிலில் ஃபயர்வால் நிற்க, காமிராவுக்கு ஒரு சப்நெட், கணக்குவழக்குள்ள கணினிக்கு வேறொன்று அமைத்து, முன்னது பின்னதை அணுகாமல் தடுத்தல் அவசியம். மெஷ் பெட்டி தானும் ரூட்டராக இயங்கினால் ஃபயர்வாலுக்குச் சாதனங்களெல்லாம் ஒன்றாகவே தோன்றும்; ஆகவே அதனை ஆக்ஸஸ் பாயிண்ட் முறையில் வைக்கவேண்டும். வீலான் வசதியில்லாத பெட்டிகளில் அப்போது பிரிவினை பெரும்பாலும் அற்றுப்போகும். வாங்குமுன் கடைக்காரரிடம் இதனைக் கேட்டறிவது நலம்.